விளக்குக் கம்பம் யார் பணம்?

சில வாதங்களைக் கேட்டவுடனே அதில் ஏதோ கோணல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த இடத்தில் கோணல் என்று மட்டும் பிடிபடாது. அப்படி ஒன்று போன வசந்தகாலம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது. "பெத்தவங்க கைக்காசு போட்டுக் கட்டின லைட்டுங்க அது. இதுல சட்டத்துக்கு என்ன வேலை?" சட்டம் என்றது, படிப்பிலும் பள்ளி விளையாட்டிலும் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்னும் அமெரிக்காவின் டைட்டில் நைன். கேட்டவர் வில்லன் ஒன்றும் இல்லை. நெடுநாளாகப் பழகும் தமிழ்க் குடும்பம். அவர் மகன் எங்கள் ஊர் ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடுகிறான், என் மகள் அதே பள்ளியில் சாஃப்ட்பால், அதாவது இங்கே பெண்கள் ஆடும் பேஸ்பால் மாதிரியான ஆட்டம். அணிக்குப் பணம் திரட்டும் பெற்றோர் சங்கமான பேஸ்பால் பூஸ்டர் கிளப்புக்காக அவர் உழைத்த உழைப்பை நானே பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் கார் கழுவிக் காசு சேர்ப்பது, ஆட்ட நாட்களில் ஹாட் டாக் கடையில் நின்று சில்லறை எண்ணுவது, கார் டீலரிடமும் பல் டாக்டரிடமும் போய் வேலியில் மாட்டும் விளம்பரப் பலகைக்குப் பணம் கேட்பது என்று எல்லாமே அவர்தான். இப்படிப் பல வருடம் சேர்த்த பணத்தோடு ஒரு பெரிய நன்கொடையும் வந்து சேர, பேஸ்பால் மைதானத்தில் விளக்குக் கம்பங்கள் எழுந்தன. அதனால் அவர் குரலில் இருந்தது ஆணவம் இல்லை, மெய்யாகவே உழைத்தவருடைய ஆற்றாமை. எனக்கு வாயடைத்துப் போனதும் அதனால்தான்.

இரண்டு மைதானமும் ஒரே வளாகம்தான், நடுவில் கார் நிறுத்துமிடம். இந்தப் பக்கம் பேஸ்பாலுக்கு எலெக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு, கூரை போட்ட டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்), பந்தடித்துப் பழக வலைக்கூண்டு, மைக்கில் பேர் சொல்ல ஒரு சின்ன அறை, விளக்கு. அந்தப் பக்கம் சாஃப்ட்பாலுக்குக் கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு அலுமினிய பெஞ்ச். கூரை கிடையாது. தூறல் போட்டால் வரிசையாக வைத்திருக்கும் ஹெல்மெட்டுகளில் தண்ணீர் தேங்கும், பிள்ளைகள் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மாட்டிக்கொண்டு போவார்கள். சுண்ணாம்புக் கோடு போடுவது கோச் அம்மாவே. பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். மூன்று மணிக்கு வகுப்பை முடித்துவிட்டு ஓடிவந்து, அந்தக் கோடு போடும் வண்டியைத் தானே தள்ளுவார். உடை மாற்ற யாராவது ஒரு அம்மாவின் வேன் இருக்கும், ஜன்னலில் துண்டு தொங்கும்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சுக்குக் கூரை இல்லாவிட்டாலும் ஆடலாம். விளக்கு விஷயம்தான் வேறு மாதிரி. விளக்கு இருப்பதால் பையன்களின் ஆட்டம் ஏழு மணிக்கு. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அக்கம்பக்கத்தார் என்று கூட்டம் நிறையும். விளக்கு இல்லாததால் பெண்களின் ஆட்டம் நாலு மணிக்கு. நாலு மணிக்கு வேலையை விட்டு யார் வர முடியும்? முதல் வருடம் என் மகள் ஆட்ட அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்தாள். மூன்றாம் வருடம் ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒட்டி என்னம்மா பண்ண? எல்லாம் நாலு மணிதான். உனக்கு மீட்டிங் இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அப்புறம் ஏப்ரலில் ஒரு நாள். எதிரணியின் பஸ் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோது இரண்டு அணியும் சமம். சாஃப்ட்பாலில் ஏழு இன்னிங்ஸ்தான். அம்பயர் வானத்தைப் பார்த்தார், கோச்சைப் பார்த்தார், பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார். பந்து வேகமாக வரும், முகத்தில் பட்டால் ஆபத்து. அவர் செய்தது சரியே. கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் பையன்கள் பளீரென்ற வெளிச்சத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆட்டம்கூட இல்லை, வெறும் பயிற்சி. அங்கே போய் மீதி ஒரு இன்னிங்ஸை ஆடக்கூடாதா என்று விவரம் தெரியாத ஒரு அம்மா கேட்டார். முடியாது. பேஸ்பாலில் பந்து வீசுபவர் நிற்கும் இடம் ஒரு மேடு, அடிப்பவருக்கு அறுபதரை அடி தூரம். சாஃப்ட்பாலில் தரை சமமாக இருக்க வேண்டும், தூரம் 43 அடி. ஓட வேண்டிய பேஸ்களின் இடைவெளி அங்கே 90 அடி, இங்கே 60. ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆட்டங்கள், ஆனால் ஒன்றின் மைதானம் மற்றொன்றுக்கு உதவாது.

முப்பத்தேழு சொற்கள்

அடுத்த பூஸ்டர் கூட்டத்தில் நான் இதைக் கிளப்பியபோதுதான் நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பள்ளியின் அத்லெடிக் டைரக்டரும் அதையே நாசூக்காகச் சொன்னார். விளக்குகளைக் கட்டியது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இல்லை, தனியார் நன்கொடை. சாஃப்ட்பால் பெற்றோரும் ஒரு கிளப் தொடங்கிப் பணம் திரட்டினால் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

டைட்டில் நைன் என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தச் சட்டத்தின் உயிர்நாடியான வாசகம் ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள். அரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் காரணமாக யாரையும் விலக்கவோ, பலன்களை மறுக்கவோ, பாகுபாடு காட்டவோ கூடாது என்பதுதான் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. 1972 ஜூன் 23 அன்று நிக்சன் கையெழுத்திட்டபோது, அதைக் கொண்டுவந்தவர்கள் மனதில் இருந்தது கல்லூரி சேர்க்கையும் பேராசிரியர் வேலையும். முன்னின்றவர்களில் ஒருவரான ஹவாய் மாநில எம்.பி. பேட்ஸி மிங்க், மருத்துவக் கல்லூரிகள் இடம் தராததால் சட்டம் படிக்கப் போனவர். இன்று அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டு பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. வந்த பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டது. 1971–72இல் அமெரிக்க ஹைஸ்கூல் அணிகளில் ஆடிய பெண்கள் 2,94,015 பேர், பையன்கள் சுமார் 36.7 லட்சம். 2018–19இல் பெண்கள் 34 லட்சத்தைத் தொட்டார்கள், பையன்களும் 45 லட்சமாக வளர்ந்திருந்தார்கள். பெண்களுக்குக் கொடுத்தால் பையன்களுக்குக் குறைந்துவிடும் என்று புலம்புகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதே இல்லை. எனக்கு உறைத்தது இன்னொன்று. பன்னிரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட வளர்ந்த பிறகும், சட்டம் வருவதற்கு முன் பையன்கள் இருந்த எண்ணிக்கையைப் பெண்கள் எட்டவில்லை.

டைட்டில் நைன் என்று தேடினால் இன்று கொட்டுவதெல்லாம் திருநங்கை வீராங்கனைகள் பற்றிய சண்டை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பெண்கள் விளையாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் குரல் உயர்த்தியவர்களில் ஒருவரையும் எங்கள் சாஃப்ட்பால் பெஞ்ச் பக்கம் நான் பார்த்ததில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். "யார் பணம்?" என்ற கேள்வி நண்பர் கண்டுபிடித்தது இல்லை. சட்டம் வந்த இரண்டாம் வருடமே அது செனட்டில் எழுந்தது. 1974இல் டெக்சஸ் செனட்டர் ஜான் டவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு டைட்டில் நைனிலிருந்து விலக்கு வேண்டும் என்று அது கேட்டது. கல்லூரி ஃபுட்பால் (கவசம் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கிறது, அந்தப் பணத்தை அதுவே வைத்துக்கொள்ளட்டும், பங்கு கேட்காதீர்கள் என்று அர்த்தம். செனட்டில் தேறிய அந்தத் திருத்தம், இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்த குழுவில் கைவிடப்பட்டது. அதற்குப் பதில் வந்த ஜாவிட்ஸ் திருத்தம், ஒவ்வொரு விளையாட்டின் தன்மையையும் கணக்கில் எடுத்து நியாயமான விதிகள் வகுக்கச் சொன்னது. 1975இல் விதிகள் வந்தன. ஃபுட்பால் வீரனின் கவசத்துக்குச் செலவு அதிகம், டென்னிஸ் ராக்கெட்டுக்குக் குறைவு, அந்த வித்தியாசத்தை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். மொத்தச் செலவு சமமாக இருக்க வேண்டும் என்றுகூட விதிகள் கேட்கவில்லை. கேட்பது வேறு ஒன்று. உபகரணம், ஆட்ட நேரம், பயிற்சி நேரம், பயணம், கோச், உடைமாற்றும் அறை, மைதானம், மருத்துவ உதவி, விளம்பரம் என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் பெண்கள் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. எத்தனை பேருக்கு இடம் என்ற கணக்கைத்தான் ஊர் முழுக்கப் பேசுகிறது. இந்தப் பட்டியலைப் படித்தவர்கள் குறைவு. ஆட்ட நேரம் அதில் இருக்கிறது என்று பார்த்தபோது, நாலு மணிக் கதையை யாரோ ஏற்கெனவே அனுபவித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அனுபவித்திருக்கிறார்கள்தான். நியூயார்க்கில் இரண்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் பெண்கள் சாக்கரை (நம் ஊர்க் கால்பந்து) மட்டும் வசந்தகாலத்துக்குத் தள்ளி வைத்திருந்தன. மாநிலச் சாம்பியன்ஷிப் நடப்பதோ இலையுதிர்காலத்தில். என்னதான் நன்றாக ஆடினாலும் அந்தப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளவே முடியாது, பையன்களுக்கு அந்தத் தடை இல்லை. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டமீறல் என்றது. அந்த வழக்கில் முக்கியப் பேச்சு பணம் இல்லை. காலண்டர்தான் பேச்சு.

ஃப்ளோரிடாவில் ஒரு ஸ்கோர்போர்டு

பூஸ்டர் பணத்துக்கு நேரான பதில் ஃப்ளோரிடாவில் கிடைத்தது. பிரெவர்ட் கவுன்டியில் மெரிட் ஐலண்ட் ஹைஸ்கூல். 1997இல் சாஃப்ட்பால் ஆடிய இரண்டு மாணவிகள் பள்ளி வாரியத்தின் மீது வழக்குப் போட்டார்கள். பையன்கள் பக்கம் எலெக்ட்ரானிக் ஸ்கோர்போர்டு, வலைக்கூண்டு, நல்ல இருக்கைகள், அறிவிப்பாளர் அறை, விளக்கு. பெண்கள் பக்கம் இவை இல்லை, அல்லது மட்டமானவை. படிக்கும்போது எங்கள் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நிற்பது போலவே இருந்தது. வாரியம் சொன்ன பதிலும் அதேதான். பூஸ்டர் கிளப் திரட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. நீதிபதி அதை ஏற்கவில்லை. பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பு தருவது வாரியத்தின் கடமை, கிளப்புகள் பணம் திரட்டிச் செலவு செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்ததும் வாரியம்தான், அதன் விளைவுக்கும் வாரியமே பொறுப்பு என்றார்.

எனக்குப் பிடிபடாமல் இருந்த கோணல் இதில் பிடிபட்டது. நண்பர் தன் பணத்தைத் தன் வீட்டுத் தோட்டத்தில் விளக்குப் போடச் செலவு செய்யவில்லை. பள்ளி நிலத்தில் கம்பம் நட, பள்ளி அனுமதி கொடுத்தது. கரன்ட் பில் பள்ளி கட்டுகிறது. பல்பு போனால் மாற்றுவதும் இன்சூரன்ஸ் எடுத்திருப்பதும் பள்ளி. ஆட்டத்தை ஏழு மணிக்குப் போட்டதும் பள்ளி. பரிசை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள், வாங்கியபோது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். சட்டம் நண்பரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் நூறு கார் கழுவலாம். டிஸ்ட்ரிக்டிடம்தான் கேட்கிறது. ஃப்ளோரிடா மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு எங்கள் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது, அது எனக்கும் தெரியும். ஆனால் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகமும் இதே நிலைப்பாட்டைத்தான் சொல்லிவந்திருக்கிறது. பணம் எந்தப் பையிலிருந்து வந்தாலும், பலன் சமமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் இருந்தாக வேண்டும். எங்கள் ஊரில் அது மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. மரியாதையானவர். விளையாட்டு சம்பந்தமாக அவருக்கு வந்த முதல் கடிதம் என்னுடையது போலிருக்கிறது, அந்தப் பட்டியலை நானே அவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாஃப்ட்பால் அம்மாக்கள் நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு மைதானத்தையும் சுற்றிவந்து வரிவரியாக எழுதினோம். கோச் அம்மா மட்டும் வரவில்லை. "நான் எதுவும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை" என்று சிரித்தார், கண்ணில் சிரிப்பு இல்லை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் பெண்கள் பாஸ்கெட்பால் கோச் ஒருவர், தன் அணிக்குச் சரியான வசதி இல்லை என்று புகார் சொன்னதால் கோச் பொறுப்பை இழந்தார். ரோடரிக் ஜாக்சன் என்ற அவருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், இப்படிப் பழிவாங்குவதும் டைட்டில் நைன்படி பாகுபாடே என்று தீர்ப்பானது. சட்டம் அவர் பக்கம் நின்றது வாஸ்தவம். நிற்பதற்குள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

அணைத்துவிடலாமா?

இரண்டு மாதம் போல இழுத்து, டிஸ்ட்ரிக்ட் ஒரு கூட்டம் போட்டது. பள்ளி நூலகத்தில், இரண்டு அணிகளின் பெற்றோரும் வந்திருந்தார்கள், சில பிள்ளைகளும். அத்லெடிக் டைரக்டர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். சாஃப்ட்பால் மைதானத்துக்கு விளக்குப் போட இந்த வருட பட்ஜெட்டில் வழியில்லை. ஆனால் டிஸ்ட்ரிக்ட் சட்டத்தை மதிக்கிறது. ஆகவே சமத்துவம் கருதி, அடுத்த சீசனிலிருந்து பேஸ்பால் ஆட்டங்களும் நாலு மணிக்கே நடக்கும். விளக்குகள் பயன்படுத்தப்பட மாட்டா.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோருடைய தலையும் ஒரே பக்கமாக, எங்கள் மேசைப் பக்கம் திரும்பியது. டைரக்டர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை என்பதைக் கவனித்தேன். முடிவெடுத்தவர் அவர், கோபம் எங்கள் மேல். நண்பர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வலிதான் அதிகம். அத்தனை வருட உழைப்பையும் நான் ஒரு கடிதத்தில் அணைத்துவிட்டதாக அவர் நினைத்தார். அன்றைக்கு வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க வைக்கும்படிதான் அந்தத் தாள் எழுதப்பட்டிருந்தது. விளக்கை அணைத்தால் எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கும் ஒரு இன்னிங்ஸ்கூடக் கூடப் போவதில்லை. ஒரு அம்மாவும் கூடுதலாக வந்து உட்காரப் போவதில்லை. பையன்களுக்கு நஷ்டம், பெண்களுக்கு லாபமில்லை, டிஸ்ட்ரிக்டுக்குச் செலவில்லை. காகிதத்தில் மட்டும் சமம்.

மறுநாள் வகுப்பு வராந்தாவில் என் மகளிடம் ஒரு பையன், "லைட் ஆஃப் பண்ணினது உங்கம்மாதானே" என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து பையைக் கூட இறக்காமல் சொன்னாள்: "அம்மா, விட்டுடு. ப்ளீஸ். நாலு மணிக்கே ஆடிட்டுப் போறோம்." எனக்கு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அன்று இரவு பிரெவர்ட் வழக்கின் மிச்சத்தைப் படித்திராவிட்டால் விட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அங்கேயும் இதேதான் நடந்திருக்கிறது. தோற்ற பிறகு வாரியம் நீதிமன்றத்தில் ஒரு திட்டம் கொடுத்தது. பணமே செலவழிக்காமல் சமத்துவம் கொண்டுவரும் திட்டம். ஸ்கோர்போர்டைப் பையன்கள் பயன்படுத்தக் கூடாது, இருக்கைகளில் ஒரு பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிடலாம் என்கிற ரீதியில் போகிறது அது. நீதிபதி இதைப் படித்துவிட்டு, பல யோசனைகள் பழிவாங்குவது போலத் தெரிகின்றன என்று எழுதினார். பெண்களைப் பையன்களின் நிலைக்கு உயர்த்துவதை விட்டுவிட்டு இரண்டு தரப்பையும் தண்டிக்கிறது இந்தத் திட்டம் என்பது அவர் வாதத்தின் சுருக்கம். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் இடைவெளி, வேறு மாநிலம், வேறு ஆட்கள், ஆனால் அதே தாள். எங்கள் டைரக்டர் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த யோசனை எல்லோருக்கும் தோன்றுகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பக்கங்களை அச்செடுத்து நண்பர் வீட்டுக்கே போனேன். சண்டை போட இல்லை. "உங்க லைட்டை அணைக்கச் சொல்லி நாங்க கேக்கவே இல்லைங்க. கடிதத்தைப் படிச்சுப் பாருங்க" என்றேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார், அவர் குடிக்காமலே படித்தார். அப்புறம், "இதுல எங்க பேரை இழுக்காம இருந்திருக்கலாம்" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். தேடினார், இல்லை. கடைசியில் அவரும் இன்னும் இரண்டு பேஸ்பால் அப்பாக்களும் ஒரு கடிதம் எழுதினார்கள். பெண்கள் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நன்கொடையில் வந்த விளக்கை அணைத்து வைப்பதை எதிர்க்கிறோம், டிஸ்ட்ரிக்ட் வேறு வழி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது போதும். கொள்கை ஒத்துப்போக வேண்டும் என்று காத்திருந்தால் இந்த ஊரில் ஒரு பல்பும் எரியாது.

நண்பருக்கு இன்னொரு வாதமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. பெண்கள் வாலிபால் அணிக்கு இரண்டு வருடம் முன்பு ஜிம்மில் புதுத் தரை போட்டார்கள், அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்றார். சட்டம் பேஸ்பாலையும் சாஃப்ட்பாலையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒப்பிடுவதில்லை. பையன்களின் மொத்தத் திட்டம், பெண்களின் மொத்தத் திட்டம் என்றுதான் பார்க்கிறது. ஒரு இடத்தில் குறைந்ததை இன்னொரு இடத்தில் ஈடுகட்டியிருந்தால் பள்ளி தப்பிக்கலாம். ஆனால் அந்த ஜிம் தரையில் பையன்களின் பாஸ்கெட்பால் அணியும்தான் ஆடுகிறது. இரண்டு பேருக்கும் பொதுவான தரையைப் பெண்கள் கணக்கில் மட்டும் எழுத முடியுமா? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

எங்கள் ஊர்ச் சண்டை சின்னது. இதே கேள்வி இப்போது கல்லூரிகளில் கோடிக்கணக்கான டாலர்களோடு வந்து நிற்கிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பழைய பாக்கியாக முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர், அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகும்படியான கணக்கு. பணம் ஈட்டியது அவர்கள், ஆகவே பணம் அவர்களுக்கே. ஜான் டவர் 1974இல் கேட்டுக் கிடைக்காததை இன்று வேறு கதவு வழியாகக் கேட்கிறார்கள். இந்தப் பங்கீட்டுக்கும் டைட்டில் நைன் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாக்கிப் பணத்தின் பங்கீட்டை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபுட்பால் பையன்களைப் பல பத்தாண்டுகள் சும்மா ஆடவைத்துச் சம்பாதித்தது பெரிய அநியாயம். ஆனால் அந்த டிவி ஒப்பந்தமும் அந்த மைதானமும் அந்த விளம்பரமும் வானத்திலிருந்து விழவில்லை. கல்லூரிகள் யாருக்கு ஏழு மணி ஆட்டம் கொடுத்து வளர்த்தனவோ அவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். நாலு மணிக்கு ஆடியவர்களைப் பார்த்து, உங்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் இல்லையே என்று கேட்பது என்ன நியாயம்?

எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் உள்ள ஒரே பெரிய மனக்குறை காலம். ஒரு பிள்ளை ஹைஸ்கூலில் இருப்பது நாலு வருடம். மிச்சிகனில் பெண்களின் ஆட்டங்களை மட்டும் பொருந்தாத சீசன்களில் போட்டதை எதிர்த்து 1998இல் தொடுத்த வழக்கு முடிந்து, சீசன்கள் மாறியது 2007–08 கல்வியாண்டில். கலிஃபோர்னியாவின் சூலா விஸ்டாவில் சாஃப்ட்பால் பிள்ளைகள் 2007இல் போட்ட வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 2014இல். வழக்குப் போட்டவர்கள் அதற்குள் கல்லூரியையே முடித்திருக்கும் வயது. டிஸ்ட்ரிக்டுகளுக்கு இது நன்றாகத் தெரியும். எதையும் மறுக்க வேண்டாம், பரிசீலிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், ஜூன் மாதம் வந்து பிள்ளைக்குப் பட்டமளிப்பு நடந்துவிடும். சிவில் உரிமை அலுவலகத்தில் வழக்கறிஞர் இல்லாமலே யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் ஏழு கிளைகளை 2025 மார்ச்சில் மூட உத்தரவிட்டார்கள். கிளைகள் அத்தனையும் திறந்திருந்தபோதே வருடக்கணக்கில் இழுத்தவை இந்தப் புகார்கள்.

எங்கள் விஷயம் இப்போது இருக்கும் நிலை இது. அணைக்கும் யோசனை கைவிடப்பட்டது. பேஸ்பால் அப்பாக்களின் கடிதம்தான் அதற்குக் காரணம், எங்களுடையது இல்லை என்பதில் எனக்கு மாயை எதுவும் இல்லை. பெஞ்சுக்குக் கூரை வந்துவிட்டது. கோடு போட ஒரு ஊழியரை அனுப்புகிறார்கள், பாதி நாள் வருகிறார். வாடகைக்கு எடுக்கும் நடமாடும் விளக்குகளை வைத்து சீசனில் சில ஆட்டங்களை மாலையில் நடத்தலாம் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதியிருக்கிறார். எத்தனை ஆட்டம் என்று கேட்டு நாங்கள் பதில் எழுதியிருக்கிறோம். நிரந்தர விளக்குக்கான தொகை அடுத்த பட்ஜெட் வரைவில் ஒரு வரியாக இருக்கிறது, வரைவில் இருக்கும் வரிகள் கடைசி நேரத்தில் காணாமல் போவதும் வழக்கம்தான். வாக்கெடுப்பு வரும்போது என் மகள் கல்லூரிக்குப் போயிருப்பாள், அங்கே சாஃப்ட்பால் ஆடும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா ஒருவர், நாங்கள் எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வலைக்கூண்டை விட்டுவிட்டீர்களே என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். கூட்டத்துக்கு அவரோடு நானும் போகிறேன்.